தோற்றம் என்று சொன்னேன்

பரமசிவம் அண்ணாச்சி கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நேந்திரங்காய்ச் சீவல்கள் எண்ணெயில் கருக ஆரம்பித்திருந்தன. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில், கார்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டியதும் வருகிற சிப்ஸ் கடை அது. திரையில் அவருடைய ஒரே மகன். ராணுவத்தில் இருக்கிறவன். பனிப் பக்கம் எங்கோ ஒரு முகாமிலிருந்து, இரண்டு நாள் கழித்து அன்றுதான் லைன் கிடைத்திருந்தது.

பையனின் தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை.

“ஏலே, முடி எங்கலே?” என்றார் அண்ணாச்சி.

பையன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்புறம்தான் குரல் வந்தது. “எப்பா, நீங்க இருக்கியளாப்பா?”

அண்ணாச்சிக்குப் பின்னால் கடைச் சுவரில் அவருடைய முகமே, ஒரு ஆள் உயரத்துக்கு, கறுப்பு வெள்ளையில் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்த நான், கடைக்கு வெளியே கூட்டத்தின் ஓரத்தில் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

போன வாரம் இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ‘உங்கள் நினைவுகளில் நீங்கள் எப்போதும் நல்லவராகவே வருகிறீர்கள், ஐயா.’ கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. எப்படியானாலும் இந்த வாரம் அவருக்கு அந்தக் குறை இருக்காது.

மாடி வீட்டுக் கொழும்புக்காரி

மரிசோல் எங்கள் மாடி வீட்டில் நான்கு வருடத்துக்குச் சற்று அதிகமாகக் குடியிருந்தாள். ஊர் கொலம்பியா. தெருவில் யாருக்கும் அது பிடிபடவில்லை; கொழும்பு என்று வைத்துக்கொண்டார்கள். “சிலோன்காரின்னா தமிழ் ஏன் இப்படித் தத்துது?” என்று பால்காரர் என் மனைவியிடம் சந்தேகம் கேட்டார். கடைசி வரை அவள் கொழும்பு அக்காதான்.

அவள் கணவன் முருகேசன் இந்த ஊர்க்காரன், கப்பலில் இன்ஜினீயர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். அவன் வரும்போது கறிக்குழம்பு மணக்கும். போன பிறகு மறுபடியும் மை வாசனை.

அவள் அம்மா மலை ஊரில் மற்றவர்களின் துணிகளுக்கு இஸ்திரி போட்டு மகளை வளர்த்தவள். மரிசோல் இருபது வயதில் ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே ஓட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. சாயங்காலம் ஒரு அச்சுப் பட்டறையில் உருளைகளைக் கழுவிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் செதுக்கக் கற்றுக்கொண்டாள். ரப்பர் போல இருக்கும் ஒரு தகடு. அதில் சிறிய உளியால் முகத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தன்னோடு அறை கூட்டிய பெண்களின் முகங்களைத்தான் முதலில் செதுக்கினாளாம். அந்த ஓட்டலின் பின்சந்தில் அவற்றை ஒட்டினாளாம்.

“முன்வாசல் வழியா அவங்கள விட மாட்டாங்க சார். அதனால பெருசா ஒட்டினேன்” என்று ஒருமுறை சொன்னாள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகைதான் அவளுடைய பட்டறை. அழுத்தும் இயந்திரம் கிடையாது. சின்னப் படம் என்றால் மரக்கரண்டியின் முதுகால் தேய்ப்பாள். பெரியதென்றால் காகிதத்தின் மேல் வெறுங்காலோடு நடப்பாள். என் மகள் செல்வியும் சேர்ந்து நடப்பாள். கீழே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, மேலே இரண்டு பேர் மெதுவாக, ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருக்கிற சத்தம் கேட்கும். எரிச்சலாக இருக்கும். இந்த நேரத்தில் இவள் படிக்கலாமே என்று நினைப்பேன்.

செல்வி அப்போது சப்-இன்ஸ்பெக்டர் எழுத்துத் தேர்விலும் உடல் தேர்விலும் தேறியிருந்தாள். என் சித்தப்பா வாசுதேவநல்லூரில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிறகு காக்கி போடப் போகிறவள் இவள்தான். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அதாவது நடத்தை எப்படி, ஏதாவது வழக்கில் பெயர் இருக்கிறதா என்று நம் ஊர் ஸ்டேஷனிலிருந்து வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் நான் தெருவில் ஒருவரோடும் சத்தம் போட்டுப் பேசவில்லை. தப்பான இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.

படிக்கட்டில் ஒரு நிமிடம்

மரிசோல் ஐந்தருவியில் வேலை செய்கிறவர்களைச் செதுக்க ஆரம்பித்தாள். சிப்ஸ் போடும் பரமசிவம் அண்ணாச்சி, எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்து, மங்குஸ்தான் விற்கும் ஒரு அம்மா, துண்டும் உள்ளாடையும் விற்கிறவர், இப்படிப் பதினோரு பேர். சீசன் தொடங்கும்போது, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே அவர்கள் முகம் இருக்க வேண்டும் என்றாள். வருகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள், இவர்களை யாரும் பார்ப்பதில்லை என்பது அவள் வாதம்.

அதற்கு ஒரு காரணமும் சொன்னாள். அவள் ஊரில் சுவரில் ஒரு சாதாரண ஆளின் முகம் வந்தால் அவரைக் காணவில்லை என்று பொருளாம். அவளுடைய மாமா ஒருவரின் முகம் அப்படி வருடக்கணக்கில் சுவரில் இருந்திருக்கிறது. “இங்கன நான் வேற மாதிரி ஒட்டுதேன் சார். இவங்க இருக்காங்கன்னு சொல்லுதேன்.” தமிழை அவள் செல்வியிடம் கற்றவள். அதனால் பேச்சில் எங்கள் ஊர் இழுப்பு அப்படியே இருக்கும். ஆட்டோக்காரரை ‘ஏலே’ என்று கூப்பிட்டு வம்பில் மாட்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு காலை, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் விசாரிக்க வருவதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லியிருந்தார். யார், எப்போது, யாரிடம் கேட்பார் என்று சித்தப்பாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மரிசோல் படிக்கட்டில் காத்து நின்றாள். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு என்ன என்றேன்.

“ஒருத்தர் எப்படி இருக்காங்க, முகம், உடம்பு, நிக்கிற விதம், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேணும் சார். சுத்தத் தமிழ்ல.”

“தோற்றம்” என்றேன்.

அவள் ‘தோத்ரம்’ என்றாள். திருத்தினேன். மறுபடி சொன்னாள். மறுபடி திருத்தினேன். மூன்றாவது முறை சரியாகச் சொன்னதும், “அருமையான சொல்” என்று வேறு சொல்லிவிட்டு, போனுக்குத் திரும்பினேன். படத்துக்குக் கீழே பெயரோடு, அவர்கள் ஐந்தருவிக்கு வேலைக்கு வந்த வருடத்தைப் போடப்போவதாக அவள் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். காதில் சித்தப்பாவின் குரல்தான் இருந்தது.

அஞ்சலி எழுதுகிற கை

தென்காசியில் இருக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், மறுநாள் விடிவதற்குள் சுவரொட்டி வந்துவிடும். முகம் கறுப்பு வெள்ளையில். சுற்றிக் கறுப்புக் கட்டம். ஒரு பக்கம் ‘தோற்றம்’ என்று பிறந்த வருடம். மறுபக்கம் ‘மறைவு’ என்று இறந்த தேதி.

அதை எழுதிக் கொடுப்பது யார்? நான்தான். தமிழாசிரியர் என்பதால் பஜாரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் பல வருடங்களாக எனக்குத்தான் அனுப்புகிறார். ‘சார், பிழை மட்டும் பாத்துருங்க, துட்டி வீட்டுக்காரங்க நிக்காங்க.’ துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் திருத்தி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேருடைய தோற்றமும் மறைவும் என் கட்டைவிரலுக்கு அடியில் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

அந்த நான்தான் இதைச் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒட்டுவதற்கு நான்கு நாள் முன்பு, வேட்டி காயப்போட மாடிக்குப் போனேன். கொடியில் பதினோரு முகங்களும் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றில் லேசாக ஆடின. தோற்றம், தோற்றம், தோற்றம் என்று வரிசையாக. நின்று பார்த்தேன். என்னவோ உறுத்தியது. வேட்டியில் மை பட்டுவிடுமே என்பதுதான் உறுத்தல் என்று முடிவு செய்துகொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

மாலையோடு வந்த தம்பி

வியாழக்கிழமை விடியற்காலை மரிசோலும் செல்வியும் மைதாப் பசை வாளியோடு போய் ஒட்டிவிட்டு வந்தார்கள். கடைக்காரர்களிடம் முன்பே கேட்டிருந்தார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. செதுக்கிய முகத்தை மட்டும்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள்; எழுத்து கடைசியில் சேர்ந்தது. ‘மறைவு’ பக்கத்தில் இல்லாததால் செல்விக்கும் உறைக்கவில்லை.

முதல் நாள் அது சிரிப்பாகத்தான் இருந்தது. சுடலைமுத்துவின் தம்பி மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, மாரில் அடித்தபடி வந்து இறங்கினார். அங்கே அண்ணன்காரர் ஒரு சென்னைக்காரரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். “வந்ததுதான் வந்த, மாலைய அருவிக்கரைப் பிள்ளையாருக்குப் போட்டுட்டுப் போ. நான் இன்னும் ரெண்டு சீசன் பாக்கணும்” என்றாராம்.

மரிசோலுக்கு விஷயம் புரிய மதியமாகிவிட்டது. புரிந்ததும் முகம் செத்துப்போய், சுரண்டும் தகட்டோடு ஓடினாள். ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தாள். பரமசிவம் அண்ணாச்சி மட்டும் விடவில்லை. “எம் மூஞ்சிய இவ்வளவு பெருசா நானே பாத்ததில்ல. கிடக்கட்டும். வேணும்னா எழுத்த மட்டும் அழிச்சுக்கிடலாம்” என்று தள்ளிப் போட்டார். அது தள்ளித் தள்ளிப் போயிற்று.

அதற்குள் யாரோ அவருடைய படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கும்பிடும் கைகளைப் போட்டிருக்கிறார்கள். அது முகாமில் இருந்த பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கையோடு அங்கே டவர் போய்விட்டது. வீட்டிலிருந்து அழைத்தால் மணி போகவில்லை. காரியத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துகொண்ட பையன், மகன் செய்ய வேண்டியதை அங்கேயே செய்துவிட்டான். கூட இருந்த சிப்பாய் ஒருவன் தலையை மழித்துவிட்டிருக்கிறான்.

சுவர்களில் மிச்சம் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளைச் சுரண்ட மரிசோலோடு செல்வியும் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அவளை அங்கிருந்து கூட்டி வரத்தான் சனிக்கிழமை நான் போனேன். நான் போய் நின்ற நேரத்தில்தான் அந்த லைன் கிடைத்தது.

அண்ணாச்சி அன்று கோபப்படவில்லை. அவர் மனைவி கோமதியம்மாள் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். திரையில் மகனைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் செல்வியின் கையைப் பிடித்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மரிசோல் கையில் வாளியோடு நின்றிருந்தாள்.

ஸ்டேஷனில் நான்கு நாற்காலிகள்

கோமதியம்மாள் புகார் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர் சம்பந்தப்பட்டது என்பதால் வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். செல்வி கூட வருவதாக நின்றாள். “மரிசோலே உன்னை வர வேண்டாம்னு சொல்லிட்டா” என்றேன். மரிசோல் அப்படிச் சொல்லவில்லை.

நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். கோமதியம்மாள் சத்தம் போடாமல்தான் பேசினார். “ஊர்ல ஒவ்வொருத்தியா வந்து எங்கழுத்தப் பாக்கா சார். தாலி கிடக்கான்னு. உயிரோட இருக்க அப்பனுக்கு எம்புள்ள மீசைய எடுத்துட்டு நிக்கான். இதுக்கு என்ன பதில்?”

மரிசோல் எழுந்து அவர் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரிசோல் எழுந்து வந்து மறுபடி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுடைய தங்கும் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது, நீட்டிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்பது இன்ஸ்பெக்டரின் காகிதத்தில் இருந்தது. வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் செய்ததா என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும். அதனால்தான் கேட்டார். “யாரும்மா உனக்கு இந்த வார்த்தையச் சொன்னது? ஊர்க்காரங்க யாராவது சொன்னாங்கன்னா விளையாட்டுக்குச் செஞ்சிருக்காங்கன்னு எழுதலாம். பேரச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். என் கண்கள் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டில் இருந்தன. இரண்டு வாரம் முன்பு செல்வியைப் பற்றி விசாரிக்க வந்த காவலர் அதே அறையில், கதவோரம் நின்றிருந்தார்.

“அகராதி” என்றாள் மரிசோல். “புஸ்தகத்துல பாத்தேன். என் தப்பு.”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க தமிழ் ஐயாதான சார்? இத ஒட்டப் போறது உங்களுக்குத் தெரியாதா?”

“மேல என்ன செய்யுதாங்கன்னு நாங்க கேட்டுக்கிடுறதில்ல சார்” என்றேன்.

என் குரல் தெளிவாக இருந்தது. வகுப்பறையில் வருகிற குரல்.

அவளை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். தமிழிலேயே எழுதுகிறேன் என்று எழுதினாள். சிறுபிள்ளை எழுத்து. எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்டர் அதை என்னிடம் நீட்டினார், பிழை இருந்தால் பாருங்கள் என்று. ‘மண்ணிக்கவும்’ என்று இருந்தது. பேனாவை வாங்கி, மூன்று சுழியை இரண்டு சுழியாக்கிக் கொடுத்தேன்.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

சாவி

நீட்டிப்பு கிடைக்கவில்லை. காரணம் ஒரு வரியில் இருந்தது: உள்ளூர் அமைதி. முருகேசன் அப்போது நடுக்கடலில் இருந்தான். அவள் தகரக் கொட்டகையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். தரையில் ஒரு சொட்டு மைகூட இல்லை. என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். திருவனந்தபுரத்துக்கு டாக்சி வந்து நின்றபோது சாவியை என்னிடம் கொடுத்தாள்.

எவ்வளவோ கேட்டிருக்கலாம். “பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியாம்மா?” என்றுதான் கேட்டேன்.

“எடுத்தாச்சு சார். போய்ட்டு வாரேன்.”

செல்வியின் விசாரணை நல்லபடியாக முடிந்தது. பயிற்சிக்குப் போனாள். நான் தெருவில் இனிப்புக் கொடுத்தேன்.

விட்டுப்போன வரி

சில மாதம் முன்பு மரிசோல் செல்விக்கு எழுதியிருந்தாள். கணவனோடு மறுபடி வந்து தங்குவதற்கு மனுப் போடுகிறாள். பழைய விஷயம் பற்றி யாராவது எழுதித் தந்தால் உதவியாக இருக்கும், பரமசிவம் அண்ணாச்சியிடம் கேட்க முடியுமா என்று. என்னிடம் கேட்கச் சொல்லவில்லை.

விடுப்பில் வந்த செல்வி அண்ணாச்சியிடம் போனாள். பையனுக்கு முடி வளர்ந்து மூன்று முறை வெட்டியாயிற்று, எங்களுக்கு இப்போது ஒரு பிராதும் இல்லை என்று கோமதியம்மாளே சொல்லியிருக்கிறார். அதை நல்ல தமிழில் எழுதித் தரும்படி செல்வி காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி ‘அகராதியைப் பார்த்து’ என்று வந்தது. பேனாவை வைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டு, கொடி, ஸ்டேஷன், அவள் வர வேண்டாம் என்று மரிசோல் சொன்னதாக நான் சொன்னது.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். “உங்க பேர்ல தனியா எழுதுங்க” என்றாள்.

எழுதினேன். வார்த்தையைச் சொன்னவன் நான், அது இந்த ஊரில் எதைக் குறிக்கும் என்று அறிந்திருக்க வேண்டியவனும் நான், அந்தப் பெண் மீது குற்றமில்லை. ஒரு பக்கம் வந்தது. நிறுத்தி நிதானமாக, எனக்கே திருப்தியாக இருந்தது. செல்வி அதை வாங்கி, பயிற்சியில் வாக்குமூலம் படிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்போல, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

“பசை வாளியத் தூக்கிட்டுப் போனது நான். என் பேரு எங்க?”

“உனக்கு வேலை...”

“எழுதுங்க. அத நான் பாத்துக்கிடுதேன்.” விரலைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள். “இன்னொண்ணையும் விட்டுட்டீங்கப்பா. அவ அகராதின்னு சொன்னப்ப நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்கள்லா. அது இதுல இல்ல.”

பக்கத்தில் இடம் இல்லை. புதுக் காகிதத்தில் முதலிலிருந்து எழுதினேன்.

திங்கட்கிழமை, வெளிநாட்டவர் தங்கும் மனுக்களை வாங்குகிற அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் என் பழைய மாணவனின் தகப்பனார், வணக்கம் சொன்னார். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் ஊழியர் சின்ன வயது. மனுவைப் பதியும் முன் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு. ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் சத்தமாக, கடைசிப் பத்திக்கு வந்தார்.

“‘...அப்போது நான் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தேன். உண்மை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.’”

பின்னாலிருந்து மாணவனின் தகப்பனார் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“இதுல ‘நான்’னு வருதே, அது யாரு சார்? நீங்களா, இல்ல வேற யாருக்காவது எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?”

“நான்தாம்மா” என்றேன்.